ஆளையும் வண்டியையும் பார்க்காமல் போடப்படும் சாலைகள்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்து நடந்தவுடன் ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடுகிறோம். மனிதர் எப்படி நடந்துகொள்வார், வண்டி எப்படித் திரும்பும் என்பதை எண்ணிப் பார்க்காமல் வரைந்த சாலைக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

முதல் தவறு, ஆபத்தைக் கண்ட கணத்திலேயே ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிடுவார் என்று நம்புவது. பார்த்து, புரிந்துகொண்டு, முடிவெடுத்துக் காலை அழுத்துவதற்கு 2.5 விநாடி ஆகும் என்றே, நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்த இடைவெளியிலேயே வண்டி ஏறத்தாழ 42 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பின் நிற்பதற்கு மேலும் 40 மீட்டர் அளவில் தேவை. ஆகவே குறைந்தது 80 மீட்டர் தொலைவு கண்ணுக்குத் தடையின்றித் தெரிய வேண்டும். வரைபடத்தில் இது சரியாகவே இருக்கும்; பிறகு வளைவின் உட்புறத்தில் ஒரு விளம்பரப் பலகையோ டீக்கடைப் பந்தலோ வந்து அதை மறைக்கும். தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்து, களத்தில் நின்று பார்த்தால்தான் அது தெரியும்.

நடப்பவர்கள் விஷயத்தில் நடக்கும் பிழை இன்னும் கொடியது. 14 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க, விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று கணக்கிட்டு 12 விநாடி பச்சை தருகிறோம். மூட்டுவலியோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு பாட்டி, அந்த 12 விநாடி முடியும்போது இன்னும் நான்கு மீட்டருக்கு மேல் மீதம் வைத்து, உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிகளுக்கு முன்னால் நின்றிருப்பார். மருத்துவமனை, கோயில், சந்தை வாசல்களில் சராசரி நடையை வைத்து நேரம் குறிப்பதை நான் ஏற்கவே மாட்டேன். நடுவில் நின்று செல்ல ஒரு திட்டு அமைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

எல்லா வண்டிகளையும் காராக எண்ணிக் கணக்கிடுவது அடுத்தது. வரிசை பிடித்துச் செல்லும் நாடுகளின் அட்டவணை இங்கே பொருந்தாது. சிக்னலில் பைக்குகள் இடுக்குகளில் புகுந்து முன்வரிசையை நிரப்பிவிடுகின்றன. நகரச் சாலைகளுக்கான இந்திய நெறிமுறையில், ஓர் இருசக்கர வாகனம் எத்தனை காருக்கு ஈடு என்று கொள்ளும் மதிப்பே, போக்குவரத்தில் அதன் பங்கு கூடும்போது 0.5 கார் அளவிலிருந்து 0.75க்கு உயர்கிறது. அன்றாடம் ஓடும் கலவையை நேரில் எண்ணாமல் தொடங்கும் திட்டம் தொடக்கத்திலேயே பிசகுகிறது.

பேருந்து திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்ளே ஒடுங்கி வரும். முன் பின் அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர் உள்ள வண்டி 15 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், இந்த ஒடுக்கம் ஒரு மீட்டரைத் தாண்டும். இடதுபுறம் ஒட்டி நிற்கும் பைக்காரர் நசுங்குவது அந்த இடத்தில்தான். வளைவில் கூடுதல் அகலம் கேட்பது ஆடம்பரம் அல்ல.

நான்கு வழிச்சாலையில் எதிர்த்திசையில் வருபவரைத் திட்டுவது எளிது. தம் ஊருக்கு எதிரே உள்ள பெட்ரோல் பங்குக்குப் போக, 2 கி.மீ. சென்று திரும்பி மீண்டும் 2 கி.மீ. வர வேண்டுமென்றால், பலர் ஓரமாக எதிரே வரத்தான் செய்வார்கள். சென்டர் மீடியனை மூடுவதற்கு முன், அந்த ஊர்க்காரர்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று கேட்டறிந்து சர்வீஸ் சாலையும் சுரங்கப் பாதையும் கொடுத்தாக வேண்டும்.

கடைசியாக வேகத்தடை. 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. ஊர் மக்கள் கேட்டார்கள் என்று ஒரே இரவில் கொட்டப்படும் தார்க்குவியலோ அரை மீட்டர் அகலம்கூட இருப்பதில்லை. பின்னால் குழந்தையோடு அமர்ந்திருக்கும் தாய் தூக்கி எறியப்படுவது அதில்தான். வெள்ளைக் கோடும், முன்கூட்டியே எச்சரிக்கும் பலகையும், இரவில் விளக்கும் இல்லையென்றால், முன்னால் செல்பவர் தடையைக் கடைசி நொடியில் கண்டு பிரேக்கை அழுத்துவார். பின்னால் பாரத்தோடு வரும் லாரியால் அவ்வளவு குறுகிய தொலைவில் நிற்க முடியாது.