சிங்கப்பூர் போகிறவர்கள் வைத்தியச் செலவில் கோட்டை விடும் இடங்கள்

எங்கள் கோபிப் பக்கம் பையன் சிங்கப்பூர் கிளம்புகிறான் என்றால் பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் எடை பார்த்துக் கட்டுவோம். இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தால் மட்டும், "அதெல்லாம் கம்பெனி பாத்துக்குமுங்க" என்று முடித்துவிடுவார்கள்.

கம்பெனி பார்க்குமா என்பது கையில் இருக்கும் பாஸை, அதாவது அங்கே வேலை செய்யத் தரும் அனுமதியைப் பொறுத்தது. சாதாரண வேலையாட்களுக்கான ஒர்க் பெர்மிட், நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸ் என்றால் முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். 2023 ஜூலை 1 முதல் அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர். அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்தால், இல்லை அன்றே வீடு திரும்பும் ஆபரேஷன் என்றால்தான். எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகும் ஐடி பையன்களுக்கு இந்தக் கட்டாயமே கிடையாது. சம்பளம் பெரிசு, பாதுகாப்பு அவரவர் சாமர்த்தியம்! மனைவி, குழந்தை சேர்வார்களா, பேறுகாலச் செலவு உண்டா என்று வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். அரசு ஆஸ்பத்திரிக்கே போனாலும் நமக்கு மானியம் இல்லை.

மகள் பேறுகாலத்துக்கு என் பெரியம்மா போனார். பயணக் காப்பீட்டுப் படிவத்தில் 'ஏற்கெனவே நோய் உண்டா' என்ற இடத்தில் பேரன் 'இல்லை' என்று தட்டிவிட்டான். பெரியம்மாவின் மஞ்சப்பையிலோ பிரஷர் மாத்திரை ரெண்டு அட்டை. தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தபோது டாக்டர் எழுதிய முதல் வரியே பிரஷர்தான். கிளெய்ம் போச்சு.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது ஊரில் இருக்கும் பாலிசியை விட்டுவிடுவது. "அங்க போயாச்சு, இங்க எதுக்குத் தெண்டம்?" என்பார்கள். ஆனால் குடலிறக்கம், முட்டி ஆபரேஷன் என்றால் நாலு மணி நேரம் பறந்து கோயமுத்தூருக்குத்தானே வருகிறார்கள்? செலவு கணக்கில் அது சரியான முடிவுதான். கம்பெனி காப்பீடு அதற்குப் பணம் தருவது அரிது. புதுசாகப் பாலிசி எடுத்தாலோ, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். தொடர்ந்து 5 வருஷம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, பழைய நோயை மறைத்தாய் என்று கிளெய்மை மறுக்க முடியாது. பாலிசியை விட்டுவிட்டுப் புதுசு எடுத்தால் அந்த 5 வருஷக் கணக்கும் முதலிலிருந்து ஓடும்.

விட வேண்டும் என்று நினைத்து விடுகிறவர்கள்கூடக் கொஞ்சம்தான். வருஷ பிரீமியம் கட்டத் தவறினால் 30 நாள் அவகாசம் உண்டு. அதைச் சொல்லும் மெசேஜ், மேசை டிராயரில் கிடக்கும் பழைய சிம்முக்கு வந்துகொண்டிருக்கும். கிளம்புவதற்கு முன் பாலிசியில் அப்பாவின் நம்பரையும் சேர்த்துவிட்டுப் போங்கள்.