செடியில் செதில் பூச்சியா? ஒரு தடவை தெளித்தால் போகாது

தண்டிலோ, இலையின் நடுநரம்பை ஒட்டியோ பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிகின்றன. அவை நகர்வதில்லை, கால் இல்லை, பார்த்தால் பூச்சி மாதிரியே இல்லை. அதனால்தான் பலர் செடியின் இயல்பான புள்ளி என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நகத்தால் ஒன்றை நெம்பிப் பாருங்கள். ஓடு போல முழுதாகப் பெயர்ந்து வந்து, அடியில் பச்சைத் தோல் கிழியாமல் இருந்தால் அது செதில் பூச்சி. செடியின் சொந்தத் தழும்பு அப்படிப் பெயர்ந்து வராது.

பெரணிச் செடிகளில் மட்டும் அவசரப்பட வேண்டாம். இலையின் அடியில் வரிசை பிசகாமல், ஒரே இடைவெளியில் இருக்கும் பழுப்புப் பொட்டுகள் அதன் வித்துத்தொகுதிகள். பூச்சி அப்படி ஒழுங்காக வரிசை கட்டி உட்காராது.

இரண்டு வகை, இரண்டு குணம்

மென்செதில் வகை 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை வளரும். மேடாக, பழுப்பாக இருக்கும். இது சாற்றை உறிஞ்சிவிட்டு, தேன் போன்ற பிசுபிசுப்பான கழிவை வெளியேற்றும். செடிக்குக் கீழே தரையோ மேசையோ ஒட்டுகிறது, இலை மேல் கரி பூசினாற்போல் கரும்பூஞ்சாணம் படர்கிறது, தொட்டியில் எறும்பு ஏறுகிறது என்றால் இந்த வகைதான். கரும்பூஞ்சாணம் இலையைத் தின்னாது, வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவே. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

கவசச்செதில் வகை இன்னும் சிறியது, 1 முதல் 3 மில்லிமீட்டர். தட்டையாக ஒட்டியிருக்கும். பிசுபிசுப்பு இருக்காது. ஓட்டை எடுத்தாலும் உடல் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அந்த ஓடு அதன் உடம்போடு சேர்ந்ததல்ல. இரண்டில் இதுதான் விடாப்பிடியானது.

ஏன் மருந்து பலிப்பதில்லை

வளர்ந்த பூச்சியின் மேல் எதைத் தெளித்தாலும் பெரும்பாலும் ஓட்டின் மேலேயே வழிந்து ஓடிவிடும். வளர்ந்த மென்செதில் ஒன்றைப் புரட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், அடியில் பவுடர் கொட்டினாற்போல் முட்டைகள் உதிர்வதைச் சில சமயம் காணலாம். தாய் செத்த பிறகும் அந்த ஓடு முட்டைகளுக்குக் குடையாகவே நிற்கும். முட்டை பொரிந்து வெளியே வரும் குஞ்சுகளுக்கு மட்டுமே ஓடு கிடையாது. மஞ்சளாகவோ வெளிர் ஆரஞ்சாகவோ, தூசி அளவில், ஆறு காலோடு ஊர்ந்து போய் இடம் பிடிக்கும். மருந்துக்குச் சிக்குவது அந்தச் சில நாட்கள்தான். வீட்டுக்குள் ஆண்டு முழுக்கக் குஞ்சுகள் வந்துகொண்டே இருப்பதால், பெரியவற்றைக் கையால் எடுத்துவிட்டு, குஞ்சுகளை விடாமல் தொடர்ந்து தெளித்து மடக்குவதுதான் வழி. எந்த மருந்து என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம்.

வேலையைத் தொடங்குவோம்

முதலில் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இலையோடு இலை உரசினாலே குஞ்சுகள் மாறிப் போகும். பக்கத்தில் இருந்த செடிகளையும் அன்றே சோதித்துவிடுங்கள். அதிகம் மொய்த்திருக்கும் கிளை, இலைகளை வெட்டி, பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம்.

அடுத்தது சுரண்டல். இந்த வேலையில் பாதி பலன் இதில்தான் இருக்கிறது, இதைத்தான் எல்லாரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு, சில விநாடி ஊறவிட்டு, உருட்டி எடுங்கள். கெட்டியான தண்டாக இருந்தால் மென்மையான பல் துலக்கும் பிரஷ் வசதி. தேடவேண்டிய இடங்கள்: இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு, ஆர்க்கிட்டில் காய்ந்த உறைக்குள், பனை வகைகளில் மட்டையின் அடி, தொட்டி விளிம்பின் உட்பக்கம், முட்டுக் கொடுத்த குச்சி. காய்ந்த உறைகளை உரித்து எறியுங்கள். ஆல்கஹால் சில செடிகளின் இலையைக் கருக்கும். ஒரே ஒரு இலையில் தடவி 2 நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

பிறகு தெளிப்பு. 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, செடிகளுக்கென்று விற்கும் பொட்டாசியம் சோப்புத் திரவம் 5 மில்லி. எண்ணெயையும் சோப்பையும் முதலில் சேர்த்துக் கலக்கிவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கலவை பால் போல வெளுத்து வரவேண்டும். எண்ணெய் தனியாக மிதந்தால் அதைத் தெளிக்காதீர்கள். அந்தத் துளிகள் விழுந்த இடமெல்லாம் இலை கருகும். கடினத் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளையாகக் கட்டிவிடும், அதனால் மழைத் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ நல்லது. கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் வைத்துக்கொள்ள வேண்டாம். கடையில் வாங்கும் தயாரிப்பின் உறையில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பாத்திரம் கழுவும் திரவம் போதாதா என்று கேட்பார்கள். அதிலிருப்பது பெரும்பாலும் டிடர்ஜென்ட். அது இலையின் மெழுகுப் படலத்தையும் சேர்த்துக் கழுவிவிடும். வேண்டாம்.

மாலையில், வெயில் படாத இடத்தில், இலையின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கிச் சொட்டச் சொட்டத் தெளியுங்கள். சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும், காய்ந்தால் ஒன்றும் செய்யாது. எண்ணெய் பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைக்கும். அது படாத இடத்தில் பலனே இல்லை, ஆகவே அவசரத் தெளிப்பு வீண். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போதும், தண்ணீரின்றி வாடிய செடிக்கும் எண்ணெய் கூடாது. பெரணி, ரோமம் உள்ள இலைகள், சாம்பல் பூத்த சதைப்பற்றுச் செடிகள் எண்ணெயைத் தாங்காது. அவற்றுக்குப் பொறுமையான சுரண்டல் மட்டும்தான்.

இதே வேலையை 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை, குறைந்தது 4 முதல் 6 தடவை. இரண்டாவது தடவையோடு செடி சுத்தமாகத் தெரியும். பெரும்பாலோர் நிறுத்துவது அங்கேதான், பூச்சி திரும்ப வருவதும் அதனால்தான்.

போய்விட்டதா, எப்படித் தெரியும்?

செத்த பூச்சியின் ஓடும் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணிப் பார்த்துப் பயனில்லை. நகத்தால் நசுக்குங்கள். ஈரம் கசிந்தால் உயிருள்ளது. காய்ந்து பொடியானால் செத்தது. இன்னும் நம்பகமான வழி, இருபக்கமும் ஒட்டும் டேப்பைத் தண்டில் சுற்றி வாரம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது. டேப்பில் மஞ்சள் தூள் போலக் குஞ்சுகள் ஒட்டியிருந்தால் தெளிப்பு தொடரட்டும்.

தொட்டி மண்ணில் போடும் இமிடாகுளோப்ரிட் குருணை (வேர் வழியே ஏறிச் செடியின் சாற்றில் கலக்கும் பூச்சிக்கொல்லி) மென்செதிலுக்கு உதவும். கவசச்செதில் சாற்றுக் குழாயிலிருந்து உறிஞ்சுவதில்லை, திசுக்களின் செல்களுக்குள் இருப்பதையே உறிஞ்சும். அதனால் அந்த மருந்து அதற்குச் சரியாக எட்டாது. உண்ணும் செடிகளுக்கும், வெளியே தேனீ வரும் இடத்தில் வைக்கும் பூச்செடிகளுக்கும் இதைப் போடவே கூடாது.

எறும்பு ஏறினால் அதற்கும் வழி பார்க்க வேண்டும். தேன் போன்ற கழிவுக்காக எறும்புகள் செதில் பூச்சிக்குக் காவல் நிற்கும், அதைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே கல் வைத்து அதன் மேல் நிறுத்தினால் ஏறமுடியாது. வைத்தியம் நடக்கும் வரை உரத்தையும் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் வரும் இளந்துளிர்தான் இந்தப் பூச்சிக்கு விருந்து.

சிறிய செடி, பாதிக்கு மேல் மூடிவிட்டது என்றால் தூக்கி எறிவதுதான் என் யோசனை. அரிய செடி என்றால், பூச்சியில்லாத நுனியை மட்டும் வெட்டி, துடைத்து, புது மண்ணில் வேர்விடச் செய்யுங்கள். புதிதாக வாங்கும் எந்தச் செடியையும் 4 முதல் 6 வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.