சீட்டுக்கு முன் ஊசி

உகாண்டா, கானா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்குத் திருச்சபை வழியாகவோ ஜமாஅத் வழியாகவோ தொண்டுக்குச் செல்லவிருக்கும் ராமேசுவரம், மண்டபம், கீழக்கரைப் பகுதியினர், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போட்டு 10 நாட்கள் ஆன பிறகே அதன் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், அவசரப்பட்டுத் தேதி குறித்தவர்களுக்குச் சீட்டை மாற்றும் கட்டணம் கையைக் கடிக்கும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இந்த ஊசி போடப்படுகிறது. சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. உள்ளூர் மருந்துக்கடைகளில் விசாரித்து அலைய வேண்டாம். போகும்போது அசல் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். 2016 ஜூலை முதல் இச்சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்பதால், அட்டையைப் பத்திரப்படுத்தினால் அடுத்த பயணத்துக்கும் அதுவே போதும்.

இந்தியாவிலிருந்து நேரே இலங்கைக்கோ நேபாளத்துக்கோ செல்வோருக்கு இது தேவையில்லை. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் 60 வயதைக் கடந்தவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.