புரட்டாசியில் லானுக்குத் துளை போடுவோம்

என் தங்கை மகன் அமெரிக்காவில் ஓஹையோவில் இருக்கிறான். செப்டம்பர் பிறந்தால் லானில் மெஷின் ஓட்டித் துளை போட்டு, மேலே விதை தூவிவிடுவான். அங்கே வளர்வது ஃபெஸ்க்யூ, ரை, கென்டக்கி புளூகிராஸ் மாதிரியான குளிர்ப் புற்கள். 15லிருந்து 24 டிகிரிக்குள் இருந்தால்தான் அவை தழைக்கும் என்பதால் கோடை முடிந்து பனி கொட்டுவதற்கு முன்னால் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நாள்தான் அவர்களுக்கு விதைப்புக் காலம். அதைப் பார்த்து நானும் ஆன்லைனில் ஒரு ஃபெஸ்க்யூ பாக்கெட் வாங்கி பாளையங்கோட்டை வீட்டில் தூவினேன். பத்து நாளில் முளைத்தது, மாசி வரை நின்றது, பங்குனி வெயிலில் ஒன்று விடாமல் கருகிவிட்டது. நம் ஊரில் மார்கழிப் பகலே 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் அந்த விதை நமக்கு வேண்டாம், அந்த வேலை வேண்டும்.

நமக்கு வெயில் தாங்குகிற அருகும் கொரியன் புல்லும்தான் சரி. நேரம், புரட்டாசிக் கடைசி. பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவுகிற சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் பிடிக்கும். அதற்குள் வேலையை முடித்துவிட்டால் பிறகு தண்ணீர் ஊற்றுகிற பாடு பாதி குறையும். ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்தால் நட்டதெல்லாம் வாசலுக்கு ஓடி வந்துவிடும். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும் செய்யலாம்.

முதலில் தரைக்குத் துளை தேவையா என்று பாருங்கள். முந்தின நாள் தண்ணீர் விட்டு மறுநாள் ஒரு ஸ்குரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள். மூன்று இஞ்ச் இறங்கவில்லை என்றால் மண் இறுகிவிட்டது, வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் மேலோடு ஓடிவிடும். பிள்ளைகள் விளையாடுகிற இடம், பைக் நிறுத்துகிற ஓரம் எல்லாம் இப்படித்தான் இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சேறு படிந்த வீடுகளிலும் இதே சிக்கல்தான். அந்த வண்டல் மேலே ஒரு மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும், துளை அதைத் தாண்டிப் பழைய மண் வரை போக வேண்டும்.

மெஷின் தேடி அலைய வேண்டாம். வெல்டிங் பட்டறையில் அரை இஞ்ச் ஜிஐ பைப் கொடுத்து, வாயைக் கூராக்கி, நான்கு இஞ்சுக்கு மேலே பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டி, மிதிக்க ஒரு குறுக்குக் கம்பியும் பிடிக்க ஒரு கைப்பிடியும் வைத்துத் தரச் சொல்லுங்கள். குத்தி எடுத்தால் மண் உருளையாக வெளியே வரணும், அதுதான் முக்கியம். ஆணி வைத்த செருப்பைப் போட்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஆணி மண்ணை எடுப்பதில்லை, பக்கத்தில் நெருக்கி இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

புல்லை ஒன்றரை இஞ்சுக்கு வெட்டிவிட்டு, மூன்று இஞ்ச் ஆழம், மூன்று இஞ்ச் இடைவெளி என்று குத்திக்கொண்டே போங்கள். சதுர அடிக்கு 16 துளை வரும். முதுகு வலிக்கும்தான், ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் போதும். செம்மண்ணில் ஈரம் காய்வதற்குள் செய்துவிடுங்கள். கரிசலில் அரை ஈரம் வரும்வரை பொறுங்கள், இல்லையென்றால் பைப்பிலேயே அப்பிக்கொள்ளும். வெளியே வந்த உருளைகளை அள்ள வேண்டாம், காய்ந்ததும் விளக்குமாற்றால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

அப்புறம் சொட்டையான இடங்கள். கொரியன் புல்லுக்கு விதை தேடாதீர்கள், அடர்ந்த இடத்திலிருந்து சின்னச் சின்னக் கட்டியாகப் பெயர்த்து நடுங்கள். அருகு என்றால் மூன்று நான்கு கணு உள்ள தண்டாக நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலும் இருக்கிற மாதிரி நான்கு இஞ்ச் இடைவெளியில் ஊன்றுங்கள். மேலே நன்றாக மக்கிய தொழுவுரத்தைச் சலித்து, கால் இஞ்ச் கனத்துக்குத் தூவித் துளைக்குள் கூட்டிவிடுங்கள். சலிக்காத உரமும் லோடு செம்மண்ணும் கோரைக் கிழங்கைக் கொண்டுவந்துவிடும், அது வந்தால் வருடக்கணக்கில் பிடுங்க வேண்டியதுதான்.

மழை பிந்தினால் முதல் பத்து நாள் காலையும் மாலையும் லேசாகத் தெளியுங்கள், பிறகு இடைவெளி விட்டு ஆழமாக. மூன்று வாரம் கழித்து சென்டுக்கு 200 கிராம் யூரியா தூவி உடனே தண்ணீர் விடுங்கள், விடாவிட்டால் இலை கருகும். புல் உயர்ந்ததும் வெட்டலாம், ஆனால் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கார்த்திகையில் தரை பொதபொதவென்று இருக்கிற நாளில் புல்வெட்டும் மெஷினை உள்ளே இறக்கவே கூடாது, பாடுபட்டுப் போட்ட துளை எல்லாம் அமுங்கிவிடும்.