நடந்த வழியும் எடுத்த படமும்: செல்போனில் இடக்குறிப்போடு ஒரு நாட்குறிப்பு

மதுரையில் மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துக்குள் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த படம் ஒன்று என் கணினியில் கிடக்கிறது. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. படத்தில் ஒரு தூணும் தொங்கும் துணிகளும்தான் தெரிகின்றன. எந்த வரிசை, எந்தப் பக்கம், எந்த வருடம்? ஒன்றும் பிடிபடவில்லை. பழைய கேமராவின் தேதி 2000 ஜனவரி 1-லேயே நின்றுபோயிருந்ததால் கோப்பும் கைவிட்டுவிட்டது. நடந்த வழியையும் எடுத்த படத்தையும் இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்துவைக்கும் இந்த முறை, அந்த எரிச்சலில் பழகிக்கொண்டதுதான். இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும்.

தெருவில் நின்றபடியே போனிலிருந்து படமும் இரண்டு வரியும் ஏற்றுகிற வழக்கத்துக்கு 2002-ல் அமெரிக்க எழுத்தாளர் ஆடம் கிரீன்ஃபீல்ட் 'மோபிளாக்' என்று பெயர் வைத்தார். அன்றைய கருவிகளை நினைத்தால் சிரிப்பு வரும். ஜப்பானில் 2000 நவம்பரில் ஜே-போன் நிறுவனம் விற்ற ஷார்ப் ஜே-எஸ்எச்04 போனின் கேமரா சுமார் 1,10,000 பிக்சல். இன்றைய 12 மெகாபிக்சல் படம் ஒன்றுக்குள் அந்தப் படங்கள் நூறு அடங்கும். போனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியாது. நியூயார்க்கில் ஓடிய டாட்ஜ்பால் என்ற சேவையில், உட்கார்ந்திருக்கும் கடையின் பெயரை நாமே எஸ்எம்எஸ்ஸில் தட்டி அனுப்ப வேண்டும். அது நண்பர்களுக்குச் சேதி சொல்லும். இடத்தைச் சொன்னது ஆள், கருவி இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

படி 1: கடிகாரம்

போனில் தேதியும் நேரமும் 'தானியங்கி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்று செய்யுங்கள்: நடை தொடங்கும் முன், போனில் நொடி முள்ளோடு ஓடும் கடிகாரத்தைத் திறந்து, அதைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கேமரா எத்தனை நிமிடம் பிந்தியிருக்கிறது என்று வீட்டுக்கு வந்து அந்த ஒரு படத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். என்னிடம் அன்று இந்தப் புத்தி இருந்திருந்தால் புது மண்டபத்துப் படம் அநாதையாகியிருக்காது.

படி 2: கேமராவுக்கு இட அனுமதி

ஆண்ட்ராய்டில் கேமராவைத் திறந்து, அமைப்புகளுக்குள் 'இடக்குறிச்சொல்' அல்லது 'இருப்பிடத்தைச் சேமி' என்பதுபோல இருக்கும் பொத்தானை இயக்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். ஐபோனில் அமைப்புகள், தனியுரிமை, இருப்பிடச் சேவைகள், கேமரா என்று உள்ளே போய், 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இதைச் செய்ததும் ஒவ்வொரு படக் கோப்பின் உள்ளேயும் எக்ஸிஃப் என்ற சிறு குறிப்பு அட்டையில் இடமும் ஏறிவிடும். மீனாட்சியம்மன் கோவில் என்றால் ஏறக்குறைய 9.9195, 78.1193 என்று இருக்கும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. நான்காவது தசம இடத்தில் ஒரு எண் மாறினால் தரையில் சுமார் 11 மீட்டர் நகர்கிறோம். ஐந்தாவது என்றால் ஒரு மீட்டர் சொச்சம். அதற்கும் மேலே பத்து இலக்கம் நீளமாகக் காட்டினால் மயங்காதீர்கள். திறந்த வானத்தின் கீழேயே போன் சொல்லும் இடம் சுமார் 5 மீட்டர் முன்பின் இருக்கும்.

இந்த இரண்டு எண்களை இடம் மாற்றிப் போட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். வரைபடத்தில் என் ஜிகர்தண்டா படம் ஆர்க்டிக் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் போய் உட்கார்ந்திருந்தது.

படி 3: தடம் பதியும் செயலி

படம் எடுத்த புள்ளிகள் மட்டும் போதாதா என்றால், எனக்குப் போதவில்லை. இரண்டு படங்களுக்கு நடுவே எந்தச் சந்தில் நுழைந்து வந்தேன் என்பதைத்தான் முதலில் மறக்கிறேன். அதற்குத் தடம், அதாவது நடந்த வழி முழுவதையும் காட்டும் கோடு, வேண்டும்.

செயலி எதுவாகவும் இருக்கலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச வரைபடத்தில் இயங்கும் ஓஸ்மாண்ட் செயலியில் 'பயணப் பதிவு' என்ற வசதி இருக்கிறது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். நிபந்தனை ஒன்றுதான்: தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக உங்கள் கையில் தர வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன், காரணமும் உண்டு. டாட்ஜ்பாலை 2005-ல் கூகுள் வாங்கியது, 2009-ல் மூடியது. படங்களையும் எஸ்எம்எஸ்களையும் தேதிவாரியாக அடுக்கிக் காட்டுவதற்காக 2004-ல் நோக்கியா கொண்டுவந்த லைஃப்பிளாக் மென்பொருள் இன்று இல்லை. வரைபடத்தின் மேல் ஊர்ப் படங்களைக் குத்திவைக்க உதவிய பனோராமியோவும் 2016-ல் போயிற்று. ஜிபிஎக்ஸ் என்பதோ வெறும் எழுத்துக் கோப்பு. 2002-ல் வந்த வடிவம் இன்றைக்கும் எல்லா மென்பொருளிலும் திறக்கிறது. நோட்பேடில் திறந்தால்கூட நேரமும் எண்களும் கண்ணுக்குத் தெரியும்.

செயலியில் பதிவு இடைவெளியை 5 நொடி என்று வையுங்கள். மணிக்கு 720 புள்ளி; நடப்பவருக்கு அது தாராளம். ஒரு நொடி என்று வைத்தால் பேட்டரிதான் கரையும்.

அடுத்ததைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். போனின் பேட்டரி அமைப்புகளுக்குப் போய், இந்தச் செயலிக்கு மட்டும் 'கட்டுப்பாடு இல்லை' என்று கொடுங்கள். பேட்டரியைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று போன் பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும். என் முதல் நடையில் தெற்கு மாசி வீதியில் உயிரை விட்ட பதிவு, வடக்கு மாசி வீதியில் நான் போனை எடுத்துப் பார்த்தபோதுதான் மறுபடி எழுந்தது. தடத்தில் நான் கோவிலின் மேலேயே நேர்கோட்டில் பறந்து போயிருந்தேன்.

படி 4: நடை

முதல் முறைக்கு, நன்றாகத் தெரிந்த, சுற்றி வந்து சேர்கிற வழியாகத் தேர்ந்தெடுங்கள். தவறு நடந்தால் கண்டுபிடிக்க எளிது. மதுரைக்காரர்களுக்கு மாசி வீதிகளைப் போல வசதி வேறில்லை. விளக்குத்தூணில் தொடங்கி தெற்கு மாசி, மேல மாசி, வடக்கு மாசி, கீழ மாசி என்று வலம் வந்தால், கோவிலைச் சுற்றி ஒரு சதுரம் விழ வேண்டும். விழவில்லை என்றால் அமைப்பில் கோளாறு.

கிளம்பும் முன் வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கு போனுக்குக் கேட்க வேண்டும். இடத்தைக் கணிக்க மூன்று என்றால், போனின் மலிவான கடிகாரத்தைத் திருத்த நான்காவது. 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்கா இந்தச் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து கொடுத்தது. அப்போதைய கருவி 100 மீட்டர்வரை தப்பாகச் சொல்லும். நீங்கள் மாசி வீதியில் நின்றால் பக்கத்துத் தெருவைக் காட்டியிருக்கும். அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிறகுதான் நாம் செய்யும் இந்த வேலையெல்லாம் சாத்தியமாயிற்று.

குறுகிய சந்துகளில் கோடு கோணலாகும். சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் வரும் வினை அது. உங்கள் பிழை இல்லை, விட்டுவிடுங்கள்.

படி 5: ஒரு வரி, அங்கேயே

படம் எடுத்த கையோடு, நின்ற இடத்திலேயே, குறிப்புச் செயலியில் ஒரு வரி எழுதுங்கள். தட்டச்சு சிரமம் என்றால் குரலில் சொல்லுங்கள். 'அழகான மாலை' என்றெல்லாம் வேண்டாம். படத்தில் தெரியாததை எழுதுங்கள்: கடைக்காரர் சொன்ன விலை, மணம், யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்பது. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது கட்டுரையாகிவிடும், குறிப்பாக இருக்காது.

மைக்ரோசாஃப்டில் கார்டன் பெல் கழுத்தில் சென்ஸ்கேம் கேமராவை மாட்டிக்கொண்டு, தன் வாழ்க்கை முழுவதையும் மைலைஃப்பிட்ஸ் என்ற திட்டத்தில் கணினிக்குள் ஏற்றப் பார்த்தார். அந்தக் கேமரா நாளுக்கு ஆயிரக்கணக்கில் தானாகப் படம் எடுக்கும். எனக்கு அது ஒத்துவராது. பத்துப் படம், பத்து வரி. அதற்கு மேல் போனால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

படி 6: வீட்டில்

கேபிள் போட்டுப் படங்களைக் கணினிக்கு ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே சாதாரணப் படமாக அனுப்பிக்கொள்ளாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, இடக்குறிப்பையும் உரித்துவிடும். வேறு வழியில்லை என்றால் 'ஆவணம்' என்று இணைத்து அனுப்புங்கள்.

நாளுக்கு ஒரு கோப்புறை. பெயர் வருடத்தில் தொடங்கட்டும்: '2025-03-14 மாசி வீதிகள்' என்பதுபோல. அதற்குள் படங்கள், ஜிபிஎக்ஸ், வரிகள் உள்ள எழுத்துக் கோப்பு. அவ்வளவுதான்.

இடக்குறிப்பு இல்லாத படங்கள், முக்கியமாகத் தனிக் கேமராப் படங்கள் இருந்தால் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் திறந்து, 'புவியிடம் திருத்து' பகுதியில் ஜிபிஎக்ஸ் கோப்பைக் கொடுங்கள். படத்தின் நேரத்தையும் தடத்தின் நேரத்தையும் ஒப்பிட்டு அதுவே இடத்தை எழுதிவிடும். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் வழுக்கி விழுவது. ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் யூடிசியில், அதாவது கிரீன்விச் கணக்கில் இருக்கும். கேமராவில் இந்திய நேரம். இடையே ஐந்தரை மணி நேரம். மாலை 6:40-க்கு எடுத்த படத்துக்குத் தடத்தில் 13:10-ஐத் தேட வேண்டும். கேமராவின் நேர மண்டலம் +5:30 என்று சொல்லிக்கொடுத்தால் அந்தக் கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் ஒரு படம்கூடப் பொருந்தவில்லை என்று கைவிரிக்கும்.

படி 7: வெளியே காட்டும் முன்

2012 டிசம்பரில், மத்திய அமெரிக்க நாடான பெலிஸின் போலீசுக்குப் பிடிகொடுக்காமல் தலைமறைவாகத் திரிந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபியுடன் எடுத்த படத்தை வைஸ் பத்திரிகை வெளியிட்டது. படத்தின் எக்ஸிஃப் அட்டையில் குவாத்தமாலாவின் இட எண்கள் அப்படியே இருந்தன. சில நாட்களில் அவர் அங்கே கைதானார். நமக்கு அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. ஆனால் வீட்டு மாடியில் பிள்ளைகளை எடுத்த படமும் இதே அட்டையோடுதான் போகும். பகிரும் பிரதியில் இடத்தை நீக்குங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். தடத்தை வீட்டு வாசலில் தொடங்காமல் தெருமுனையில் தொடங்குங்கள். கூட வருபவர்களிடம், பதிவு ஓடுகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் அக்கா 'நான் போன இடமெல்லாம் உன் மெஷினுக்கு எதுக்குடா?' என்றாள். அவள் வரும் நாட்களில் தடம் போடுவதில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம், கேட்கப்போகிறீர்கள். மீனாட்சியம்மன் கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அப்போது என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். பதிவை நிறுத்தாமலே போனைக் காப்பகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன். தடத்தில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் புள்ளிகள் எறும்பு மொய்த்ததுபோல் குவிந்திருக்கும். அது போன் இருந்த இடம். நான் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன் என்பது, வெளியே வந்து போனை வாங்கியதும் நான் எழுதும் வரியில் மட்டும்தான் இருக்கும்.