டிபி குறைந்த நாடுகளிலும் டிபியால் இறப்பது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் பத்துக்கும் குறைவானவர்களுக்கே காசநோய் (டிபி) வருகிறது என்றால், அதைப் பாதிப்பு குறைந்த நாடு என்கிறார்கள். அமெரிக்கா, ஜெர்மனி, நெதர்லாந்து எல்லாம் இந்த வரிசைதான். 2021இல் ஜப்பானும் சேர்ந்துகொண்டது. அங்கே மருந்துக்கும் ஆய்வகத்துக்கும் குறைவில்லை. இருந்தும் டிபியால் இறக்கிறார்கள். இறந்த பிறகே நோய் இன்னதென்று தெரியவருகிறவர்களும் உண்டு. டிபியாக இருக்குமோ என்ற சந்தேகமே யாருக்கும் வராமல் போவதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துகிறது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத்தான் டிபி வரும் என்று நினைப்பது முதல் தவறு. பல நாடுகளில் நோயாளிகளில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள்தான், சரி. ஆனால் சாவுக்கு முக்கியக் காரணி முதுமை. டிபிக்கான முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அந்தக் காலத்தை ஒட்டிப் பிறந்தவர்களின் உடலுக்குள் சிறுவயதில் புகுந்த கிருமி பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பு சக்தி தளர்ந்ததும் விழித்துக்கொள்ளும். அப்போது பெரிய இருமலோ ரத்தமோ இல்லாமலும் போகலாம். பசி இருக்காது, எடை குறையும், எந்நேரமும் அசதி. ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த தவறு மருத்துவமனையில் நடப்பது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது, நிமோனியா என்று லெவோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கிறார்கள். காய்ச்சல் இறங்குகிறது, நோயாளி வீடு திரும்புகிறார். சில வாரத்தில் இன்னும் மோசமாகி மறுபடி வருகிறார். காரணம், அந்த மருந்து டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும், ஆனால் ஒழிக்காது. அதனால் நோய் தெரிவது தள்ளிப்போகிறது. நிமோனியா முழுதாகக் குணமாகவில்லை என்றால், அடுத்த ஆன்டிபயாடிக்குக்கு மாறும் முன் சளியை டிபி பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் தரும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகளை உறங்கும் டிபி இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்குவது இன்னொரு தவறு. இன்ஃப்ளிக்சிமாப் போட்டபின் டிபி வந்த 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001இல் வெளியானது. அவர்களில் 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் நோய் இருந்தது. அப்புறம்தான் முன்பரிசோதனை வழக்கத்துக்கு வந்தது. எச்ஐவி, டயாலிசிஸ், உறுப்பு மாற்று, நீண்டநாள் ஸ்டீராய்டு, சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் இதே கவனம் வேண்டும்.

உடலில் டிபி கிருமி புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடக் கூடாது. எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு டிபி முற்றியிருக்கும்போதும் இவை நெகட்டிவாக வரலாம்.

மாத்திரை தொடங்கியதும் வேலை முடிந்துவிடாது. டிபி மருந்துகளான ஐசோனியசிட், பைராசினமைட் இரண்டும் கல்லீரலைப் பாதிக்கலாம். முதியவர்களையும் குடிப்பழக்கம் உள்ளவர்களையும் ஆரம்ப வாரங்களில் நெருங்கிக் கவனிக்க வேண்டும். இன்னொரு டிபி மருந்தான ரிஃபாம்பிசின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும், வார்ஃபரின் அளவை மாற்றியாக வேண்டும். வீடில்லாதவர்களிடம் ஆறு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தனுப்பினால் போதாது. தங்க இடமும், கூடவே இருந்து மாத்திரை தர ஒரு ஆளும் வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது மூளையைச் சுற்றிய உறையில் வரும் டிபி. பல நாள் தலைவலி, காய்ச்சல், பிறகு பேச்சில் குழப்பம் என்று மெல்ல வரும். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வரப் பல வாரம் ஆகலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் துரிதப் பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. வலுவான சந்தேகம் இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.