ஆடிட்டர் ஆபீஸில் இருந்த என் விவரங்களை மீட்ட கதை

கடையின் வரிக் கணக்கை வேறு ஆடிட்டரிடம் மாற்றும்போதுதான் தெரிந்தது: வருமான வரித் தளத்தில் எனக்கான முதன்மைத் தொடர்பாகப் பழைய அலுவலகத்தின் செல் நம்பரும் மின்னஞ்சலுமே இருந்தன. துறையிலிருந்து நோட்டீஸ் வந்தாலும் அவர்களுக்குத்தான் போகும். பாஸ்வேர்டும் அவர்களிடம்.

முதலில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ வழியாகப் போய், ஆதாரோடு இணைந்த என் செல்லுக்கு வந்த ஓடிபியை வைத்துப் புது பாஸ்வேர்டு போட்டேன். பிறகு சுயவிவரப் பகுதியில் என் நம்பர், என் மின்னஞ்சல். இது சீக்கிரம் முடிந்துவிட்டது.

அவர்கள் கையில் இருந்த நகல்கள்தான் பெரிய விஷயம். என்னென்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், தேவையில்லாததை எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உரிமைகளைச் சொல்கிறது. ஆனால் அது படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அதனால் நான் பிடித்துக்கொண்டது ஆடிட்டர்களைக் கட்டுப்படுத்தும் 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தை. வாடிக்கையாளர் சம்மதமின்றி அவர் விவரத்தை வெளியே கொடுப்பது அதன்படி தொழில்முறைத் தவறு.

பதில் மரியாதையாகவே வந்தது. தணிக்கைக் கோப்புகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அது நியாயமே, ஒப்புக்கொண்டேன். வீட்டாரின் ஆதார், பான் நகல்களை அழித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். இணையத்தில் என் பெயரில் கையெழுத்திட உதவும், பென்டிரைவ் போன்ற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை நேரில் போய் வாங்கி வந்தேன். அது நம் கையெழுத்தேதான்; யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

புது ஆடிட்டருக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத்தான் கொடுத்திருக்கிறேன்.